தொண்ணூறு போதும்

எனக்கு உட்கார வராது. வேலையில் இருந்தபோதும் வரவில்லை, ஓய்வு பெற்று திண்டிவனத்தில் மகள் வீட்டோடு இருக்கும் இப்போதும் வரவில்லை. டிவி பார்க்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். மூடித்தான் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போவேன். "அம்மா, நீ ரவுண்ட்ஸ் போறத இன்னும் விடலையா?" என்று மகள் கிண்டல் செய்வாள். விடவில்லைதான். வார்டில் நடந்து பழகிய கால்கள் சொன்னால் கேட்குமா?

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் சிஸ்டர்களே, பிரதர்களே, உங்களில் சிலரை நான் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று போன மாதம் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். நல்ல பிள்ளைகள், சுத்தமான உடுப்பு, கேட்டதற்கு மரியாதையாகப் பதில். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே மானிட்டரை எட்டிப் பார்த்தீர்கள். எண் நன்றாக இருந்தது. உடனே உங்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அந்த நிம்மதியைக் கெடுப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். மருந்தும் அளவும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது ஒரே ஒரு சாயங்காலத்தைப் பற்றி.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலுமாக மாறி மாறி வேலை பார்த்தவள் நான். இது எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். கொரோனாவுக்குப் பிறகு, படுக்கைக்குப் படுக்கை சுவரில் ஆக்சிஜன் குழாய் வந்துவிட்ட காலம். ஆண்கள் மெடிக்கல் வார்டில் எனக்கு மத்தியான டூட்டி.

ஏழுமலை என்று ஒருவர் படுத்திருந்தார். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர் கூட்டேரிப்பட்டுப் பக்கம். இளவயதிலிருந்தே வானூர்ப் பக்கத்துக் கல் குவாரிகளில், கிரஷரில் வேலை. கல்தூசி ஒரு பக்கம், பீடி ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன. மழை, பனி வந்தால் மூச்சு இழுக்கும், வந்து சேருவார், தேறிப் போவார். எங்கள் எல்லோருக்கும் பழகிய முகம். ஒவ்வொரு முறையும் பீடியை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்வார், சட்டைப் பையில் தீப்பெட்டி இருக்கும். "சாமிக்குக் கற்பூரம் ஏத்த வச்சிருக்கன் சிஸ்டரு" என்பார். அவர் மனைவி அஞ்சலையம்மா தலையில் அடித்துக்கொள்வார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்க, களை எடுக்க என்று கூலிக்குப் போகிற அம்மா அவர். புருஷன் படுத்துவிட்டால் வேலையை விட்டுவிட்டு வார்டுக்கு வந்துவிடுவார். கட்டிலுக்கு அடியில் ஒரு பாய், ஒரு வயர் கூடை, அவ்வளவுதான் அவர்கள் குடித்தனம்.

அந்த முறை நிலைமை கொஞ்சம் மோசம். காலையில் டாக்டர் குடும்பத்தைக் கூப்பிட்டு, "இந்தத் தடவை கஷ்டமாத்தான் இருக்கு, மருந்து போட்டுட்டு இருக்கோம், பார்க்கலாம்" என்று உள்ளதைச் சொன்னார். சொந்தக்காரர்கள் காதில் "கஷ்டம்" மட்டும்தான் ஏறும், "பார்க்கலாம்" ஏறாது. ஏழுமலையின் அண்ணன் உடனே போனை எடுத்துவிட்டார். தம்பி தேறமாட்டான், பார்க்கிறவர்கள் ஜல்தி வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று வானூரிலிருந்து விழுப்புரம் வரை செய்தி போய்விட்டது. பங்காளி ஒருவர் கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் போட்டோகூட அனுப்பிவிட்டாராம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கே தெரிந்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசியிருப்பேன்.

நான் டூட்டிக்கு வந்ததும் ஒவ்வொரு படுக்கையாகப் பார்த்தேன். ஏழுமலை எழுந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கியது, விலா எலும்பு ஏறி இறங்கியது, ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. "சிஸ்டரு, ஒரு டீ குடிக்கட்டா?" என்று கேட்டார். சுவரில் ஆக்சிஜன் குறைந்த அளவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. உங்களுக்குத் தெரியும், ஆக்சிஜன் அளவு காட்டும் கண்ணாடிக் குழலுக்குள் சின்ன உருண்டை ஒன்று மிதக்கும். அது கீழேயே நின்றது. விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் ஆக்சிஜனைத் தொண்ணூறுக்குச் சற்றுக் கீழே காட்டியது. அவருக்கு அது போதும். பல வருஷமாகக் குறைந்த காற்றிலேயே பழகிய உடம்பு அது.

பிறகு ஒரு பாம்புக்கடி கேஸ் வந்தது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஏழுமலைக்கு நெபுலைசரில் புகை மருந்து வைக்கும் நேரம் வந்தபோது, புதிதாக ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்த ஒரு பெண்ணை அனுப்பினேன். உங்கள் வயதுதான் அவளுக்கும். போனாள், வைத்தாள், எடுத்தாள், வந்து "முடிஞ்சிது சிஸ்டர்" என்றாள். முறையாகத்தான் செய்திருந்தாள்.

பார்வையாளர் நேரம் வந்தது. நான் கை கழுவிக்கொண்டு நிமிர்ந்தால் ஏழுமலை படுத்திருந்த கடைசிக் கட்டிலைச் சுற்றி ஒரே கூட்டம். செருப்பைக் கழற்றி வெளியே விட்டிருக்கிறார்கள். கோயில் கருவறைக்கு முன்னால் நிற்பதுபோல் ஓசையில்லாமல் நிற்கிறார்கள். எங்கள் பக்கத்து ஜனங்கள் கத்தினால் பயமில்லை, சும்மா நின்றால்தான் பயம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன்.

ஏழுமலை தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சுத் திணறலே தெரியவில்லை. முகம் நன்றாகச் சிவந்து, நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. கட்டிலின் தலைமாட்டில் அவருடைய தங்கை, வானூரில் வாழ்க்கைப்பட்டவர், ஒரு சின்ன எவர்சில்வர் சொம்பில் பாலும் கையில் ஸ்பூனுமாக நின்றார். உயிர் போகிற நேரத்தில் வாயில் பால் ஊற்றுகிற வழக்கம். வரிசை ஏற்கெனவே நின்றாகிவிட்டது. தங்கைக்குப் பின்னால் அண்ணன், அவருக்குப் பின்னால் சம்பந்திமார்கள்.

"என்னம்மா பண்றீங்க?"

"அண்ணன் போய்க்கினு இருக்காரு சிஸ்டரு. என் கையால ரெண்டு சொட்டு ஊத்திடறன்."

"போறாருன்னு யாரு சொன்னது?"

"கூப்ட்டுப் பாருங்க. கண்ணத் தொறக்கல. பேச்சு மூச்சு இல்ல."

கூப்பிட்டேன். தோளைத் தட்டினேன். நெஞ்சில் அழுத்திப் பார்த்தேன், முனகினார், அவ்வளவுதான். விரலில் மாட்டிய கருவியைப் பார்த்தேன். நூறு.

இங்கேதான் கொஞ்சம் நில்லுங்கள். எண்ணை மட்டும் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? நூறு காட்டுகிறது, நம் பக்கம் எந்தக் குறையும் இல்லை, மேலே உள்ளவன் கூப்பிட்டுவிட்டான், குடும்பம் பால் ஊற்றட்டும் என்று நினைப்பார். எனக்கோ அந்த நூறுதான் சந்தேகத்தைக் கொடுத்தது. கெட்டுப்போன நுரையீரலுக்கு ஏது நூறு? கையைப் பிடித்தேன். நல்ல சூடு. நாடி திம்திம் என்று அடித்தது. போகிற மனிதனின் கை இப்படி இருக்காது. திரும்பிச் சுவரைப் பார்த்தேன். கண்ணாடிக் குழலுக்குள் உருண்டை உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது. கீழே தண்ணீர் பாட்டில் உலை கொதிப்பதுபோல் கொதித்துக்கொண்டிருந்தது. யாரோ ஆக்சிஜனை முழுக்கத் திருப்பிவிட்டிருந்தார்கள்.

இந்த மாதிரி நோயாளிக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று படித்திருப்பீர்கள். கெட்ட காற்று வெளியே போகாமல் உள்ளேயே தேங்கும், அது மயக்கத்தைக் கொடுக்கும், மயக்கத்தில் மூச்சு இன்னும் குறையும். பார்க்கிறவர்களுக்கு நிம்மதியாகத் தூங்குவதுபோல் தெரியும். அந்தத் தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார். இவரோ போய்க்கொண்டுதான் இருந்தார். ஆனால் நோயினால் அல்ல, இந்தச் சுவரில் இருந்த திருகினால். அப்படியானால் திரும்பக் கூட்டிக்கொண்டு வரலாம். அதற்குள் அந்த ஸ்பூன் பால் தொண்டையில் இறங்கினால், விழுங்கத் தெரியாத நிலையில் நேராக நுரையீரலுக்குப் போகும். பிறகு யாராலும் கூட்டி வர முடியாது.

சொம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"வுடுங்க சிஸ்டரு. கூடப் பொறந்தவ நான். என் கையால பால் ஊத்தலன்னா அவரு கட்டை வேவாது."

வழக்கத்தைக் கேலி பண்ணாதீர்கள், பிள்ளைகளே. "மூடநம்பிக்கை" என்று ஒரு வார்த்தை வாய்க்குள் வரும், அதை அப்படியே விழுங்கிவிடுங்கள். உண்மையிலேயே போகிறவர்களுக்கு நானே பாலில் பஞ்சை நனைத்து உறவுக்காரர்கள் கையில் கொடுத்து, உதட்டில் ஒற்றச் சொல்லியிருக்கிறேன். புற்றுநோயில் கிடந்த ஒரு பெரியவருக்கு ஏழு பிள்ளைகளும் வரிசையாக நின்று அப்படிச் செய்தார்கள். நான் பக்கத்தில் நின்று பஞ்சு மாற்றிக்கொடுத்தேன். அதுவும் நர்ஸ் வேலைதான். எந்தக் கட்டிலில் பஞ்சு கொடுப்பது, எந்தக் கட்டிலில் சொம்பைப் பிடுங்குவது என்பதில்தான் நம் புத்தி இருக்கிறது.

"அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. இப்ப ஊத்துனா மூச்சுக் கொழாயில போவும். இந்தச் சொம்பு என்கிட்ட இருக்கட்டும். ஊத்தற நேரம் வந்துச்சின்னா நானே உங்கள மொதல்ல கூப்புட்றன். என் பிள்ளை மேல சத்தியம்."

பிள்ளை மேல் சத்தியம் என்றதும் பிடி தளர்ந்தது. சொம்பை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். பைபாஸில் வேன் கவிழ்ந்து, அடிபட்டவர்களோடு அவர் அவசரப் பிரிவில் இருந்தார். கண்டதைச் சொன்னேன். அந்த இளம் டாக்டருக்குப் புரிய வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

"அதேதான் சிஸ்டர். ஒரேயடியா நிறுத்தாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா கொறைங்க. தொண்ணூறுகிட்ட வந்தா போதும். பைபாப் எடுத்து வைங்க. இங்க ஒருத்தருக்கு ரத்தம் நிக்கல, நிறுத்திட்டு ஓடி வர்றேன்."

"முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாமா சார்?"

"வழியிலயே போயிடுவாரு. மொதல்ல எழுப்புவோம்."

பைபாப் என்பது முகத்தில் இறுக்கமாக மாஸ்க் மாட்டி, ஒவ்வொரு மூச்சுக்கும் காற்றைத் தள்ளிக்கொடுக்கும் மெஷின். மாடி வார்டில் ஒன்று இருந்தது. அந்த ஒப்பந்தப் பெண்ணை ஓடச் சொன்னேன், ஓடினாள். நான் சுவரில் இருந்த திருகில் கை வைத்தேன்.

"ஏய், என்னா பண்றீங்க?" அண்ணன் முன்னால் வந்தார். நெடுநெடுவென்ற ஆள். "ஆக்சிசன கொறைக்கிறீங்களா? சாவற மனுசனுக்குக் காத்தப் புடுங்கறீங்களா?"

"ஆமாம்யா, கொறைக்கத்தான் போறேன்."

"நாங்க ஊட்டுக்குக் கொண்டு போறோம். உசுரு இருக்கசொல்லவே வாசல்ல எறக்கணும். ஆசுபத்திரியில செத்தா ஊட்டுக்குள்ள வுட மாட்டாங்க. வண்டி வெளிய நிக்குது. கையெழுத்து எங்க போடணும் சொல்லுங்க."

பின்னாலிருந்து ஒருவர் போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தார். ஆக்சிஜனைக் குறைக்கும் நர்ஸ் என்று ஊர் முழுக்க என் முகம் சுற்றப்போகிறது. பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும், அது என் ராசி.

"நல்லா எடுங்க," என்றேன். "நான் பேசறதும் அதுல விழட்டும். இவரு சாவல. அளவுக்கு மேல போன காத்துல மயங்கிக் கெடக்கறாரு. இதோ இந்த எண் நூறுல இருக்குதா? நான் திருகத் திருக இது எறங்கும். எறங்கணும். தொண்ணூறு வரைக்கும் எறங்கினா அது நல்லதுக்கு. அதுக்கும் கீழ ரொம்பப் போச்சின்னா நானே ஏத்துவேன். அதுவரைக்கும் நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன். வண்டி நிக்கட்டும், ஓடியா போயிடும்? இப்பக் கொண்டு போனீங்கன்னா கூட்டேரிப்பட்டு தாண்டறதுக்குள்ள முடிஞ்சிடும். அப்புறம் யாரு வாசல்ல எறக்கறது?"

இதை நான் யோசித்துப் பேசவில்லை. பிறகு யோசித்தபோதுதான் ஒன்று புரிந்தது. அந்த எண் இறங்குவதை முதலிலேயே சொல்லி வைத்தது நல்லதாகப் போயிற்று. சொல்லாமல் குறைத்திருந்தால் ஒவ்வொரு எண் இறங்கும்போதும் அங்கே ஒரு ஒப்பாரி எழுந்திருக்கும், அண்ணன் என் கையைத் தட்டிவிட்டு மறுபடி முழுக்கத் திருப்பியிருப்பார். கெட்ட செய்திபோல் தெரிகிற ஒன்று வரப்போகிறது என்றால், வருவதற்கு முன்னால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். வந்த பிறகு சொன்னால் அது சாக்கு.

திருகினேன், நின்றேன், பார்த்தேன், திருகினேன். எண் இறங்கியது. கூட்டம் முழுக்க அந்தச் சின்னப் பெட்டியையே பார்த்தது. தங்கை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். தலைமாட்டை உயர்த்தி அவரை நிமிர்த்தி உட்கார வைத்தோம். தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "ஏழுமலை, மூச்ச இழுங்க, டீ வேணுமா, டீ?" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். மெஷின் வந்தது. டாக்டரும் சட்டையில் ரத்தக்கறையோடு வந்து சேர்ந்தார். மாஸ்க்கை மாட்டினோம்.

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை, காத்திருப்பதுதான். எனக்கோ காத்திருக்க வராது. நாலு கட்டிலுக்குப் போவேன், ஐந்தாவதற்குப் போகாமல் திரும்பி வந்து மாஸ்க்கின் ஓரத்தில் காற்று கசிகிறதா என்று தடவிப் பார்ப்பேன். அப்படி ஒரு நடையில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனபோதுதான் அஞ்சலையம்மா பின்னாலேயே வந்தார். அதுவரை கூட்டத்தில் அவர் எங்கே நின்றார் என்றே நான் பார்க்கவில்லை.

"சிஸ்டரு." குரலே எழும்பவில்லை. "நாந்தான் திருப்புனன்."

"எப்ப?"

"அந்தப் பொண்ணு பொகை வச்சிட்டுப் போன பின்னாடி. அவரு தூங்கிக்கினு இருந்தாரு. தூக்கத்துலயும் மூச்சு இழுத்துக்கினே இருந்திச்சி. பாக்கவே முடில. எம் மனசு கேக்கல. அதத் திருப்புனா அந்தக் குண்டு மேல ஏறுது, தண்ணி நல்லாக் கொதிக்குது. ஏத்துனதும் அவரு மொகம் அமைதியாப் பூட்டுது. நல்லாத் தூங்கறாருன்னு நெனச்சி நானும் கீழ சாஞ்சிட்டன்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் அவர சாவடிச்சிட்டனா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எத்தனை முறை சொல்லியிருப்போம், அதைத் தொடாதீர்கள் என்று! ஆனால் யோசித்துப் பாருங்கள். மருந்து வாங்கி வருவதும், மலம் மூத்திரம் எடுப்பதும், முதுகு துடைப்பதும், டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்தால் ஓடிவந்து சொல்வதும் யார்? இந்த அம்மாக்கள்தான். பாதி நர்ஸ் வேலையை அவர்கள் தலையில் கட்டிவிட்டு, அந்த ஒரு திருகை மட்டும் தொடாதே என்றால், கண்ணெதிரில் புருஷன் மூச்சுக்குத் திண்டாடும்போது எந்தக் கை சும்மா இருக்கும்? நானாக இருந்தாலும் திருப்பியிருப்பேன்.

"இன்னும் சாவல. மெஷின் மாட்டியிருக்கு. பாக்கலாம்," என்றேன். "இத டாக்டர்கிட்ட நான் சொல்லிடறேன். வேற யார்கிட்டயும் இப்ப வாயத் தொறக்காதீங்க."

டாக்டரிடம் உடனே சொன்னேன். அதில் ஒளிவுமறைவு கூடாது. எந்த நேரத்திலிருந்து எவ்வளவு ஆக்சிஜன் போயிருக்கிறது என்று தெரியாமல் அவர் எப்படி வைத்தியம் பார்ப்பார்? கேட்டுக்கொண்டார், தலையசைத்தார், அஞ்சலையம்மா பக்கம் ஒருமுறை பார்த்தார், மெஷின் பக்கம் திரும்பிவிட்டார். ஆனால் கட்டிலைச் சுற்றி நின்றவர்களுக்கு எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது அவ்வளவு சுலபமாக இல்லை. அந்த அண்ணன் காதில் இது விழுந்தால் அஞ்சலையம்மாவின் பாடு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். புருஷன் பிழைத்தாலும் சரி, போனாலும் சரி, "கட்டனவனக் கொல்லப் பாத்தவ" என்று ஆயுசுக்கும் அந்தத் தெருவில் பேர் நிற்கும்.

விளக்கு போடுகிற நேரத்தில் ஏழுமலையின் இமை அசைந்தது. கையை உதறினார். பிறகு கண்ணைத் திறந்து, மாஸ்க்குக்கு மேலே முழி முழி என்று முழித்தார். தங்கை "அண்ணா!" என்று அலறிய அலறலில் வார்டே திரும்பியது. நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்காரும். நீங்களும் பார்ப்பீர்கள். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு டாக்டர் முன்னால் வந்து நின்றார்.

"சரி டாக்டரு, ஆளு கண்ணத் தொறந்துட்டான். இப்ப சொல்லுங்க. காத்த ஏத்தி வச்சது யாரு?"

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"வார்டு என் பொறுப்பு," என்றேன். "எதுவா இருந்தாலும் என் பேரப் போட்டுப் புகார் குடுங்க."

"அதெல்லாம் வேணாம். நீங்க இல்ல, நீங்க கொறைச்சீங்க, வீடியோவுலயே இருக்குது. கடைசியா வந்து கை வச்சது அந்தப் பொண்ணு." ஒப்பந்தப் பெண்ணை நோக்கி விரலை நீட்டினார். "பொகை வச்சிட்டு அதுதான் திருப்பி வுட்டுட்டுப் போயிருக்குது. பேரு என்னா? நான் மேல போறன். வீடியோவும் போடறன். வேலைக்கு வர்றவங்க இப்படியா மனுச உசுரோட வெளயாடறது?"

அந்தப் பெண் மெஷினின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "இல்ல சார், நான் பழைய அளவுலயே வச்சிட்டுதான் வந்தேன், சிஸ்டர், நான்..." என்று என்னைப் பார்த்தாள். அவள் வேலை ஒரு புகாருக்குத் தாங்காது. ஒப்பந்தம் என்றால் அவ்வளவுதான். வீடியோவில் முகம் வந்துவிட்டால் அடுத்த ஆஸ்பத்திரியிலும் கதவு சாத்திவிடுவார்கள்.

என் வாயில் உண்மை இருந்தது. சொன்னால் இந்தப் பெண் தப்பிப்பாள், அந்த அம்மா மாட்டுவார். சொல்லாவிட்டால் எந்தத் தப்பும் செய்யாதவள் போவாள். இதற்கு என்ன பதில் என்று என்னைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெரியாது. பொய் சொல்லி ஒரு பிள்ளையைப் பலிகொடுப்பதில்லை என்று மட்டும் முடிவு செய்துவிட்டேன். அஞ்சலையம்மாவைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்து, உதடு பிரிந்தது. என்னை முந்திக்கொண்டு அவரே சொல்லப்போகிறார் என்று தெரிந்தது.

"மாமா," என்று புருஷனின் அண்ணனைப் பார்த்து ஆரம்பித்தார்.

அப்போது கட்டிலில் சரசரவென்று ஒரு சத்தம். ஏழுமலை தன் மாஸ்க்கைப் பிடித்துக் கீழே இழுத்தார். காற்று பீறிட்டு அடித்தது, மெஷின் அலாரம் கத்தியது. நான் பாய்ந்தேன். அவர் என் கையை ஒதுக்கினார். ஒதுக்குவதற்கு அவருக்கு எங்கிருந்து அந்தத் தெம்பு வந்ததோ.

"நாந்தான்..." மூச்சு வாங்கினார். "அண்ணா, நாந்தான் ஏத்தச் சொன்னன். அஞ்சல வேணாம்னுதான் சொல்லிச்சி." மறுபடி மூச்சு வாங்கினார். உதடு நீலமாக மாறிக்கொண்டிருந்தது. "நாந்தான் திட்டி... ஏத்த வச்சன். அந்தப் பொண்ண ஒன்னும் சொல்லாத. இவளயும்... ஒன்னும் சொல்லாத."

அண்ணன் நீட்டியிருந்த விரலை மடக்கினார். தம்பியின் காலைப் போர்வைக்கு மேலாகத் தொட்டுவிட்டு, வெளியே நின்ற வண்டியை அனுப்பிவிட்டு வருவதாகச் சொல்லிக்கொண்டு போனார். போனைத் தூக்கியவர் அதைப் பையில் போட்டுக்கொண்டார்.

அஞ்சலையம்மா திருகியபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், அந்த அம்மாவுக்குத் தெரியும். மயக்கத்திலிருந்து மீண்டு கண்ணைத் திறந்தவர், சுற்றி நின்று பேசியதை எவ்வளவு கேட்டாரோ, எவ்வளவு ஊகித்தாரோ, கையில் இருந்த கொஞ்ச மூச்சையும் எடுத்து அதற்குச் செலவழித்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்க்கவில்லை.

"பேசாதீங்கன்னு சொன்னா கேக்கவே மாட்டீங்களா?" என்று ஏழுமலையைத் திட்டிக்கொண்டே மாஸ்க்கை எடுத்துத் திரும்ப மாட்டினேன். பட்டையை வழக்கத்தைவிட ஒரு சுற்று இறுக்கினேன், அவரை இனி யாரும் எதுவும் கேட்க முடியாதபடிக்கு.